எட்டாவது போல்ட்டும் மாதப்பன் இழுப்பும்

மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் பாதையில் அது எத்தனையாவது வளைவு என்று இப்போது நினைவில்லை. வேனின் பின்சக்கரம் பஞ்சராகி, எல்லோரும் கீழே இறங்கி நின்றிருந்தோம். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கல் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சுவிட முடியாத சிரிப்பு.

அம்மா பயந்துவிட்டாள். "ஏண்டி, ஏண்டி சரோஜா, என்னடி ஆச்சு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு சுற்றி நின்றவர்களிடம், "சாமி வந்துடுச்சு போலருக்குதே, யாராச்சும் திருநீறு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

கூட வந்த எட்டு ஆண்பிள்ளைகளும் சட்டைப் பையைத் தடவினார்கள். ஒருவர் நிஜமாகவே பொட்டலத்தைப் பிரித்து என் நெற்றியில் அப்பினார். பாதி மூக்குக்குள் போயிற்று. சிரிப்போடு தும்மலும் சேர்ந்துகொள்ள, நான் பட்ட பாட்டைப் பார்த்து, சாமியேதான் என்று உறுதி செய்துகொண்டார்கள்.

அவர்கள் நினைத்ததில் பெரிய தப்பில்லை. ஐந்து வாரமாக என்னை வாட்டிய ஒரு கேள்விக்கு, ஒரு வேன் சக்கரத்தின் கடைசி நட்டில் அப்போதுதான் பதில் கிடைத்திருந்தது. கிடைக்காமல் போயிருந்தால் அடுத்து வந்த சனிக்கிழமையோடு எனக்கு வேலை போயிருக்கும். சிரிக்காமல் என்ன செய்வேன்?

பொம்பளைக் கை

அந்த வேனில் நான் எப்படி ஏறினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மைசூரின் ஓரத்தில் கியர்பாக்ஸ் செய்கிற ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் படித்தால் தெரிந்துகொள்வார்கள். பாலிடெக்னிக் முடித்த கையோடு இன்ஸ்பெக்‌ஷனில் ஆறு மாத சோதனை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தரம், அல்லது நமஸ்காரம். அந்த ஷெட்டுக்குள் பாவாடை தாவணியைத் தவிர எல்லாம் வந்திருக்கிறது என்று வாட்ச்மேன் சொல்வார். சுடிதார் போட்டுக்கொண்டு போன முதல் பெண் நான்தான்.

என் அப்பா சேலத்துப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர். ஊரில் பாதி வீடுகளின் கான்கிரீட் தன் கையால் போட்டது என்று சொல்லிக்கொள்வார். அதில் பாதிக்குப் பாதி பொய்யென்று கழித்தாலும் நிறைய வீடுகள் மிஞ்சும். மகள் வெயிலில் நிற்காமல் கூரைக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை. எனக்கும் அந்த வேலை வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உயிரைக் கொடுத்தாவது வேண்டும் என்று இருந்தது.

வேலை இதுதான். கியர்பாக்ஸ் என்பது ஒரு பெரிய இரும்பு அண்டா. அதற்கு ஒரு மூடி. மூடியை எட்டு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கும். லைனில் இருப்பவர்கள் டார்க் ரெஞ்ச் என்ற நீளமான ஸ்பானரால் முடுக்குவார்கள். எண்பது என்று அதில் அளவு வைத்திருக்கும். அந்த இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். இழுக்கிறவன் பயில்வானாக இருந்தாலும் சரி, பட்டினி கிடந்தவனாக இருந்தாலும் சரி, இறுக்கம் ஒன்றுதான்.

அவர்கள் முடித்த பிறகு நான் போவேன். என் ரெஞ்சில் கடிகாரம் மாதிரி முள் இருக்கும். ஒவ்வொரு போல்ட்டிலும் மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். போல்ட் இதோ அசையப் போகிறது என்கிற அந்தக் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அந்தக் கணம் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத்தான் தெரியும். பால் பொங்கப் போவது அடுப்பங்கரைக்காரிக்குத் தெரிவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு எடை நாற்பத்திரண்டு கிலோ. நான் ரெஞ்சைப் பிடித்து இழுப்பதைப் பார்க்க லைனே வேலையை நிறுத்தும். கன்னடப் பையன் நஞ்சுண்டி, "அக்கா, ரெஞ்ச் உங்கள இழுக்குதா, நீங்க ரெஞ்ச இழுக்குறீங்களா?" என்பான். நான் அவனுடைய அடுத்த மூடியை எண்ணெய்க் கறைக்காகத் திருப்பி அனுப்புவேன். இப்படியாக எங்களுக்குள் நல்லுறவு வளர்ந்தது.

எப்போதும் ஒன்று

இரண்டு மாதம் போனதும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மூடியை ஒரே பக்கமாக முடுக்கிக்கொண்டு போகக் கூடாது. எதிரும் புதிருமாக, வரிசை எண்படி முடுக்க வேண்டும். அந்த வரிசையில் ஏழு போல்ட் சொன்ன சொல் கேட்கும். எண்பது, எண்பத்திரண்டு, எண்பத்தைந்து. எட்டாவது மட்டும் அசையவே அசையாது. முள் நூறைத் தாண்டும், நூற்றுப் பத்தைத் தாண்டும். நான் காலைப் பெஞ்சில் முட்டுக்கொடுத்துத் தொங்கினாலும் நகராது.

லைன் லீடர் பொன்னுசாமி அண்ணனிடம் சொன்னேன். ஹனூர்க்காரர். அகலமான மனிதர், பேச்சு மட்டும் பஞ்சு மாதிரி இருக்கும். "ஏனுங்க அம்முணி, போல்ட்டு இறுக்கமா இருந்தா நல்லதுதானுங்களே? லூசா இருந்தாத்தான பயப்படோணும்? பொம்பளைக் கைக்கு அப்புடித் தெரியுதாட்டம் இருக்குதுங்க" என்றார். சூப்பர்வைசரும் அதையே சொன்னார். கைமேல் பழியைப் போட்டால் கேஸ் முடிந்தது.

முடியவில்லை. வெளியூரில் எங்கள் கியர்பாக்ஸ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு போல்ட்டின் தலை தெறித்துவிட்டது. பிறகு இன்னொன்று. வாங்கியவர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை தங்கள் ஆளை அனுப்புகிறோம், அவர் கண்ணெதிரே முடுக்கிச் சோதித்துக் காட்டுங்கள், காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள் என்றார்கள்.

மேனேஜர் அனந்தன் சார் என்னைக் கூப்பிட்டார். மேல்கோட்டைக்காரர். மெல்லிய நாமம், மேஜை மேல் புளியோதரை டப்பா, கோபம் வந்தாலும் குரல் உயராத மனிதர். தெறித்த போல்ட் இரண்டும் எட்டாவது. என் நோட்டில் அந்த எண்கள் எல்லாம் இருந்தன.

"நீ எழுதி வெச்சிருக்கே. சரி. ஆனா ஏன்னு எழுதலையே அம்மா" என்றார். "சனிக்கிழமைக்குள்ள காரணம் வேணும். அன்னிக்குத்தான் உன் ஆறு மாசமும் முடியறது. காரணம் இல்லாம போனா, அளவு எடுத்தவா கையிலதான் தப்புன்னு மேல சொல்லிடுவா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு கிலோ போல்ட்

முதலில் போல்ட்டைச் சந்தேகப்பட்டேன். மண்டி மொஹல்லாவில் ஒரு பாய் கடையில் அதே அளவு போல்ட் கிடைக்கும். ஆட்டோக்களுக்கும் கைவண்டிக்கும் நடுவே சைக்கிளைச் செருகிவிட்டு, ஒரு கிலோ வேண்டும் என்றேன். பாய் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏம்மா, உன் வயசுப் பொண்ணுங்க பக்கத்துக் கடையில வளையல் வாங்குறாங்க. நீ போல்ட் கேக்குற?" என்றார். "வளையல் முறுக்கினா உடைஞ்சிடும் பாய்" என்றேன். சிரித்துக்கொண்டே கை நிறைய அதிகமாக அள்ளிப் போட்டார்.

வீட்டுச் சமையலறைத் தரையில் பழைய துணியை விரித்து என் பரிசோதனைச் சாலையைத் திறந்தேன். புது போல்ட்டில் நட்டை வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டினால் பம்பரம் மாதிரி கடைசி வரை ஓடியது. கம்பெனியில் கழற்றிய எட்டாவது போல்ட்டில் அதே நட் பாதி தூரம் ஓடி, சிக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஒரு நூலளவு உயரம் கூட.

இங்கே ஒரு சின்ன விளக்கம். போல்ட் பிடித்து வைப்பது அதன் கெட்டியினால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. முடுக்கும்போது அது துளி நீளும். நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கப் பார்க்கிற குணம்தான் மூடியை இழுத்துப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் எலாஸ்டிக் போன பாவாடைதான். இடுப்பில் இருக்கிற மாதிரி இருக்கும், எப்போது மானம் போகும் என்று சொல்ல முடியாது.

இதை அம்மாவுக்கு இதே உதாரணத்தோடு விளக்கினேன். "போதும், இதையெல்லாம் ஆம்பளைங்ககிட்ட சொல்லி வைக்காத" என்று கரண்டியால் என்னைத் தள்ளிவிட்டு அவரைக்காயை நறுக்கினாள். எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. போல்ட் நல்ல போல்ட். யாரோ அதை அளவுக்கு மேல் இழுக்கிறார்கள்.

ஒற்றன் வேலை

மறுநாளிலிருந்து லைனுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நான் நின்றவரை எட்டு போல்ட்டும் தங்கம். எட்டாவதில் 'டிக்' கேட்டதும் கையை எடுத்துவிடுகிறார்கள். டீ குடிக்கப் போய்விட்டு வந்து அளந்தால், நூற்றுப் பத்து. இரண்டு வாரம் இதே கதை. நான் இருந்தால் சரி, நான் நகர்ந்தால் தப்பு.

இதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தோன்றியது. என்னைத் துரத்த வேண்டுமென்றே செய்கிறார்கள். பொம்பளை நோட்டில் எழுதுவது பிடிக்கவில்லை. இதற்கெல்லாம் தலைவர் யார்? பஞ்சு மாதிரி பேசுகிற பொன்னுசாமி அண்ணன். அவர் "அம்முணி" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான். ஒரு நாள் அவர் நீட்டிய மைசூர்ப்பாகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மைசூரில் பிறந்து வளர்ந்தவள் மைசூர்ப்பாகை மறுப்பதென்றால் எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் அம்மா, நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கக் கம்பெனி கேட்டுக்கு வந்திருக்கிறாள். அங்கே பொன்னுசாமி அண்ணனைப் பார்த்திருக்கிறாள். அரை மணி நேரம் பேச்சு. லைன் ஆட்கள் வருஷா வருஷம் வேன் வைத்து மாதேஸ்வரன் மலைக்குப் போவார்களாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறார்களாம். "வாங்கம்மா, அம்முணியையும் கூட்டிட்டு வாங்க, சாமிகிட்ட வேலையைக் கேட்டுப் போடலாம்" என்றாராம். அம்மா ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"அந்த ஆளாலதாம்மா என் வேலை போகப் போகுது!" என்று கத்தினேன்.

"அப்போ சாமி முன்னாடியே வச்சுக் கேளு" என்றாள். அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. எதிராளியின் வேனில் ஜன்னலோரமாக உம்மென்று உட்கார்ந்து போனேன்.

கடைசி நட்

கொள்ளேகால் தாண்டி, ஹனூர் தாண்டி, காட்டுக்குள் ஏறினோம். அந்தக் காட்டில் அந்த வருஷங்களில் சந்தனமரக் கடத்தல்காரன் பயமும் உண்டு. நடுவே போலீஸ்காரர்கள் வேனை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் சக்கரம் 'புஸ்' என்றது.

டிரைவர் வேறு சக்கரத்தை மாட்டினார். நட்டுகளை முடுக்கப் போனவரைப் பொன்னுசாமி அண்ணன் நகர்த்திவிட்டுத் தானே உட்கார்ந்தார். கியர்பாக்ஸ் மூடி மாதிரியே எதிரும் புதிருமாக முடுக்கினார். தொழில் சுத்தத்தை நான் மனதுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசி நட்டும் இறுகியாயிற்று. எழுந்துகொள்வார் என்று பார்த்தேன்.

எழவில்லை. ஸ்பானரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்ற ஏழு பேரும் கிட்டே வந்து, எட்டிய இடத்தில் ஆளுக்கொரு விரலை வைத்தார்கள். "உகே!" என்று அண்ணன் மாதேஸ்வரனுக்கான கோஷத்தை எழுப்பினார். "உகே மாதப்பா!" என்று காடு அதிர எல்லோரும் கத்தினார்கள். கத்திய வேகத்தில் கடைசி நட்டுக்கு இன்னொரு இழுப்பு. ஸ்பானர் முனகியது.

எனக்குக் காதுக்குள் ஏதோ 'டிக்' என்றது.

"அண்ணா" என்றேன். "இது எப்பவும் செய்வீங்களா?"

"ஆமாங்க. கடைசி போல்ட்டு சாமிக்குங்க."

"கம்பெனியிலயுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "முன்ன இருந்த மேனேஜரு, இது ஃபேக்டரியா பஜனை மடமான்னு வஞ்சு போட்டாருங்க. அப்ப இருந்து ஆபீஸ் ஆளுங்க பக்கத்துல இருந்தா செய்யறதில்லைங்க. நீங்களும் நோட்டுப் புடிச்ச ஆளாச்சுங்களே. நீங்க அக்கட்டால போனதும் மெதுவா, சத்தமில்லாம, மனசுக்குள்ளயே சொல்லிட்டு ஒரு இழுப்பு."

அப்போதுதான் நான் கல்லின்மேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினேன். என்னைத் துரத்தச் சதி செய்கிறார்கள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம், பாவம், எனக்குப் பயந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

முதல் வாய்

சிரிப்பு அடங்கி, திருநீற்றைத் துடைத்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னேன். அந்த இழுப்புதான் போல்ட்டின் தலையைத் தெறிக்க வைக்கிறது என்றேன். எட்டு முகமும் இருண்டன.

"சாமிக்கு விட்ட இழுப்பு எப்புடிங்க தப்பாவும்?" என்றார் அண்ணன். குரலில் பஞ்சு இல்லை. முன்பு அவர் இருந்த பட்டறையில் ஒருவன் கடைசி போல்ட்டை முடுக்க மறந்துவிட்டானாம். ஓடும்போது மூடி கழன்று, கூட இருந்தவனுக்கு இரண்டு விரல் போயிற்றாம். "அன்னைலிருந்து கடைசி போல்ட்ட சாமி கையில ஒப்படைக்கறோமுங்க. எங்க லைனுல இதுவரைக்கும் ஒரு நகம் போனதில்லைங்க. அதைப் போயி விடச் சொல்றீங்களே."

வேன் கிளம்பியது. என் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. காரணம் கையில் இருக்கிறது, ஆனால் அதை அப்படியே எழுதினால் இந்த எட்டு பேர் கம்பெனிச் சிரிப்புக்கு ஆளாவார்கள். அண்ணனிடமிருந்து லைனைப் பிடுங்கினாலும் பிடுங்குவார்கள். எழுதாவிட்டால் என் வேலை போகும். எழுதினாலும் அவர்கள் நிறுத்தப் போவதில்லை. சாமிக்குக் கொடுப்பதை நிறுத்து என்று எந்த இன்ஸ்பெக்டர் சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்?

மலையில் தரிசனம் முடிந்து ஒரு மரத்தடியில் சாப்பாட்டைப் பிரித்தோம். அம்மா ஓர் இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நஞ்சுண்டிக்குப் பசி. ஒரு வடையை எடுத்துக் கடித்துவிட்டு, மீதியை அந்த இலையில் வைக்கப் போனான். அம்மா அவன் புறங்கையில் பட்டென்று ஒன்று போட்டாள்.

"ஏண்டா, நீ தின்ன மிச்சத்தையா சாமிக்கு வைப்ப? சாமிக்கு முதல்ல, அப்புறம்தான் நமக்கு!"

நான் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, எங்கம்மா சொன்னது கேட்டுச்சா?" என்றேன். "ஏழு போல்ட் கம்பெனிக்கு. எட்டாவதுலயும் எண்பது வரைக்கும் கம்பெனிக்கு. எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருக்குற ஒரு இழுப்பு சாமிக்கு. இது நியாயமா?"

அண்ணன் வாயில் வைத்த கவளத்தோடு நின்றுவிட்டார்.

"முதல்ல குடுங்க. ரெஞ்சைத் தொடுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு போல்ட்டையும் விரலால மூணு சுத்து சுத்துங்க. அது சாமிக்கு. அப்புறம் ரெஞ்ச் கம்பெனிக்கு. 'டிக்'னா கையை எடுத்துடணும். மறந்துபோகும்ங்கற பயத்துக்கு நான் பெயின்ட் தர்றேன். ஒவ்வொரு போல்ட்டும் முடிஞ்ச உடனே நீங்களே பொட்டு வைங்க. எட்டுப் பொட்டு இல்லாத மூடி நகரவே கூடாது."

விரலால் முதல் சுற்றைப் போடுவது உண்மையில் நல்ல தொழில் வழக்கம். போல்ட் கோணலாக ஏறினால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். கம்பெனித் தாளில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது. படித்தவர்தான் யாரும் இல்லை.

அண்ணன் கவளத்தை மென்று விழுங்கினார். கோபுரத்தைப் பார்த்தார். பிறகு மற்றவர்களிடம், "அம்முணி சொல்றது சரிதானப்பா. இத்தனை நாளு எச்சிலையா குடுத்திருக்கறோம்?" என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா உடனே அவர் இலையில் இன்னொரு வடை போட்டாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

இறங்கி வரும்போது வேனில் பாட்டு. அண்ணன் மைசூர்ப்பாகு டப்பாவை நீட்டினார். இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை

வெளியூர் ஆள் வந்தார். எதையும் நம்பாத முகம். மூடியைத் தானே பொறுக்கி எடுத்தார், போல்ட்டையும் டப்பாவிலிருந்து தானே அள்ளினார். அனந்தன் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

லைன் ஆட்கள் ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் மூன்று சுற்று சுற்றினார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. வந்தவர் எண்ணிக்கை சொல்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினார். பிறகு ரெஞ்ச். டிக், பொட்டு. டிக், பொட்டு. எட்டாவது போல்ட். 'டிக்.' பொன்னுசாமி அண்ணனின் தோள் தன் பாட்டுக்கு ஒரு தடவை எழும்பியது. அத்தனை வருஷத்துப் பழக்கம். அவர் கண்ணை மூடினார். தோளை இறக்கினார். ரெஞ்சைக் கீழே வைத்தார்.

என் முறை. ஒன்று, இரண்டு என்று ஏழும் சரியாக வந்தன. எட்டாவதில் ரெஞ்சை மாட்டி இழுத்தேன். முள் எழுபதைத் தாண்டியது. எண்பது. எண்பத்திரண்டு. உள்ளங்கையில் அந்தத் துளி அசைவு வந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல செய்திகள் கேட்டிருக்கிறேன். எதுவும் அந்த அசைவுக்கு ஈடாகாது.

"எண்பத்திரண்டு" என்று சொன்னேன். வந்தவர் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அறைக்குள் அனந்தன் சார் என் அறிக்கையைப் படித்தார். 'காரணம்: கடைசி போல்ட்டில் பழக்கத்தினால் ஓர் இழுப்பு அதிகம். அந்தப் பழக்கம் முதல் சுற்றுக்கு மாற்றப்பட்டது.' இரண்டே வரி.

"யாரு இழுத்தா?" என்றார்.

"லைன் முழுக்க சார். பேர் எழுதணும்னா எட்டு பேரையும் எழுதணும். ஒன்பதாவதா என் பேரையும் எழுதுறேன். பக்கத்துலயே நின்னு, ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம, சும்மாவே சந்தேகப்பட்டவ நான்தான்."

அவர் அறிக்கையை மேஜைமேல் வைத்தார். "அந்த மூணு சுத்துல உதடு அசையறதே, அது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் நாமம் மேலே ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். "மூணும் மாதப்பாவுக்கேவா? ஒண்ணு எங்க மேல்கோட்டைப் பெருமாளுக்குக் குடுக்கச் சொல்லேன்" என்று சொல்லிக்கொண்டே நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

"ஒரு சிக்கல் இருக்கே. நிரந்தரம்னா, லேடீஸுக்குத் தனி பாத்ரூம் வேணும்னு ரூல்."

அதுவரை நான் ரோட்டைத் தாண்டி எதிர்க் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அதை இத்தனை நாளாக யாரும் ஒரு சிக்கலாக நினைக்கவில்லை.

கட்டட ஆளைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. அப்பா இரண்டு நாள் லீவு போட்டு வந்து சுவரை எழுப்பினார். தகரக் கதவை லைன் ஆட்கள் செய்து, கீலுக்கு நான்காக எட்டு போல்ட் போட்டு மாட்டினார்கள். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, கையில் என் ரெஞ்சைக் கொடுத்தார் பொன்னுசாமி அண்ணன்.

"செக் பண்ணுங்க அம்முணி."

"இதுக்கெல்லாம் எதுக்குண்ணா? நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"அதெப்புடிங்க? செக் பண்ணாம பாஸ் போட்டா நீங்க என்னங்க இன்ஸ்பெக்டரு?"

பொம்பளைக் கை என்று சொன்ன அதே வாய். எட்டு பேரும் அப்பாவும் சுற்றி நின்றார்கள். ஒன்றிலிருந்து தொடங்கினேன். ஏழு வரை பிசகில்லை. எட்டாவதில் ரெஞ்சை மாட்டியதும் அது லொடலொடவென்று சுற்றியது. அதிகம் இழுத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அதை முடுக்காமலே விட்டுவிட்டிருக்கிறார்கள்.

நான் நோட்டை எடுத்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நிரந்தர ஊழியராக என் முதல் ரிஜெக்டை, என் சொந்த பாத்ரூம் கதவுக்கு, தெளிவான கையெழுத்தில் எழுதினேன்.

அண்ணன்தான் முதலில் சிரித்தார்.